வைக்கிங் வாளுக்கும் திருவண்ணாமலை மண்ணுக்கும் என்ன தொடர்பு? கையால் செய்த ஒரு நகல் வாள் சொல்லும் எஃகு கதை

ஒரு வாள். நீளம் சுமார் 90 சென்டிமீட்டர், எடை ஒன்றரை கிலோவுக்குள். தங்கமும் இல்லை, வைரமும் இல்லை. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவில் இந்த வாளுக்கு டூப்ளிகேட் போட்டு விற்கும் அளவுக்கு மவுசு இருந்தது. 2012-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஃபர்ரர் என்ற கொல்லர், பழைய முறையிலேயே இதன் நகலைக் கையால் செய்து காட்டினார். அது ஆவணப்படமாகவும் வெளிவந்தது.

அவர் செய்த வேலையில் ரொம்பக் கஷ்டமான பகுதி எது தெரியுமா? வாளை அடிப்பது இல்லை. அதற்கான எஃகை உருக்கி எடுப்பதுதான். மூடிய மண் மூசைக்குள் இரும்பையும் கரியையும் போட்டு உருக்கும் அந்த முறை தமிழ்நாட்டில் பல நூறு ஆண்டுகள் நடந்தது. அதன் தடயம் கிடைத்த ஊர்களில் ஒன்று திருவண்ணாமலைக்குத் தெற்கே இருக்கிறது. கலசப்பாக்கம், போளூர், ஆரணி பக்கம் இருப்பவர்களுக்கு எட்டிப்பார்க்கும் தூரம்தான்.

அப்படியானால் வைக்கிங் வாள் நம்ம ஊர் எஃகில் செய்ததா? ஆமாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. ஏன் என்று விரிவாகப் பார்ப்போம்.

சுருக்கமாக:
• 'உல்ஃப்பெர்ட்' என்ற பெயர் பொறித்த சில வைக்கிங் கால வாள்களில், அன்றைய ஐரோப்பாவில் செய்யத் தெரியாத தரத்தில் எஃகு இருக்கிறது.
• அது கிழக்கிலிருந்து போன மூசை எஃகு என்பது ஒரு ஆய்வாளரின் கருத்து. மறுப்பும் இருக்கிறது.
• அதே வகை எஃகைத் தமிழ்நாடு, தெலங்கானா, கர்நாடகா, இலங்கை ஆகிய பகுதிகளின் கொல்லர்கள் செய்துவந்தார்கள்.
• 19-ம் நூற்றாண்டில் அந்தத் தொழில் அழிந்தது. இன்று அதை நகல் செய்துதான் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

யார் இந்த வைக்கிங்குகள்?

இன்றைய நார்வே, ஸ்வீடன், டென்மார்க் பகுதிகளைச் சேர்ந்த கடலோடிகள். 793-ல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடாலயத்தைத் தாக்கியதில் தொடங்கி 1066 வரையான காலத்தை 'வைக்கிங் காலம்' என்கிறார்கள். தமிழ்நாட்டுக் கணக்கில் சொன்னால், பல்லவர்களின் கடைசிக் காலத்திலிருந்து, ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்ததற்குப் பிந்தைய காலம் வரை.

கொள்ளைக்காரர்கள் என்று மட்டும் பெயர் வாங்கியிருந்தாலும், அவர்கள் பெரிய வியாபாரிகளும்கூட. இன்றைய ரஷ்யாவின் வோல்கா நதி வழியாகப் படகில் தெற்கே வந்து அரபு, பாரசீக வியாபாரிகளிடம் தோல், அடிமைகள் போன்றவற்றைக் கொடுத்து வெள்ளி வாங்கினார்கள். மத்திய ஆசியாவில் அச்சடித்த வெள்ளிக் காசுகள் ஸ்வீடனில் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. ஸ்வீடனின் ஹெல்கோ தீவில், இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் செய்யப்பட்ட ஒரு சின்ன வெண்கலப் புத்தர் சிலையே அகழாய்வில் கிடைத்தது. பொருள்கள் எவ்வளவு தூரம் பயணம் செய்தன என்பதற்கு அது ஒரு சாட்சி.

அவர்களிடம் கோடாரியும் ஈட்டியும்தான் அதிகம். வாள் விலை கூடிய பொருள், வசதியானவர்கள்தான் வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் கூர், நடுவில் நீளமாக ஓடும் ஒரு பள்ளம், கைக்கு மேலே குறுக்குக் காப்பு, பிடியின் முனையில் கனமான குமிழ். இதுதான் வைக்கிங் வாளின் அமைப்பு. நடுப்பள்ளம் 'ரத்தம் வடிய' என்று சொல்வது கட்டுக்கதை. எடையைக் குறைத்து, வலுவைக் குறைக்காமல் இருக்கத்தான் அந்தப் பள்ளம். முனையில் குமிழ் இருப்பது, வாள் ஒரு பக்கமாகச் சாயாமல் கையில் நிற்பதற்காக.

உல்ஃப்பெர்ட்: ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய 'பிராண்ட்'

ஐரோப்பா முழுக்க சுமார் 170 வாள்களில் 'உல்ஃப்பெர்ட்' என்ற பெயர் லத்தீன் எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நார்வேயில்தான் அதிகம் கிடைத்திருக்கின்றன. இது ஜெர்மனியின் ரைன் நதிப் பகுதியில் வாழ்ந்த பிராங்க் இனத்தவரின் ஆள் பெயர். ஆனால் இந்த வாள்கள் ஏறக்குறைய 200 ஆண்டுகள் செய்யப்பட்டிருக்கின்றன. எனவே ஒரே கொல்லர் செய்ததாக இருக்க வாய்ப்பில்லை. ஒரு பட்டறையின் பெயராகவோ, தலைமுறை தலைமுறையாக வந்த முத்திரையாகவோ இருக்கலாம்.

இந்த வாள்கள் எதிரி கைக்குப் போவது பிராங்க் அரசர்களுக்கே தலைவலியாக இருந்தது. வடக்கத்திக்காரர்களுக்கு ஆயுதம் விற்றால் மரண தண்டனை என்று 864-ல் அரசர் சார்லஸ் ஆணை போட்டார். அப்படியும் வாள்கள் வடக்கே போய்க்கொண்டுதான் இருந்தன.

லண்டனின் வாலஸ் கலெக்‌ஷன் அருங்காட்சியகத்தோடு தொடர்புடைய உலோகவியல் ஆய்வாளர் ஆலன் வில்லியம்ஸ், இப்படிப்பட்ட 40-க்கும் மேற்பட்ட வாள்களின் உலோகத்தைச் சோதித்தார். 2009-ல் முடிவுகளை வெளியிட்டார். அதில் ஒரு விஷயம் கவனத்தை ஈர்த்தது.

பெயருக்கு முன்னால் ஒரு சிலுவைக் குறி, கடைசி எழுத்துக்கு முன்னால் இன்னொரு சிலுவைக் குறி. இப்படிப் பொறித்த வாள்களில் பலவற்றில் கரிமம் நிறைந்த, கசடு மிகக் குறைந்த எஃகு இருந்தது. இரண்டாவது சிலுவை கடைசி எழுத்துக்குப் பிறகு வரும் வாள்களில் பல சாதாரண இரும்பு. அல்லது ஓரத்தில் மட்டும் கடினமாக்கிய இரும்பு. அதாவது எழுத்து கொஞ்சம் மாறியவை, பெயரைக் காப்பியடித்த மலிவுச் சரக்காக இருக்கலாம்.

ஆரணிப் பட்டுக்காரர்களுக்கு இது புரியாத சங்கதி இல்லை. தூரத்தில் பார்த்தால் அசல் ஜரிகையும் போலி ஜரிகையும் ஒன்றுபோலத்தான் மின்னும். உரசிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். வாளைப் பொறுத்தவரை அந்த 'உரசல்' போர்க்களத்தில்தான். அங்கே வாள் முறிந்தால் உயிரும் போனது.

இரும்பு, எஃகு: என்ன வித்தியாசம்?

எல்லாமே கரிமத்தின் அளவில் இருக்கிறது.

• கரிமம் ஏறக்குறைய இல்லாத இரும்பு: மெதுவானது. வளையும், கூர் நிற்காது.
• கரிமம் சுமார் 0.3 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்குள்: எஃகு. கூர் நிற்கும். சரியாகப் பதப்படுத்தினால் வளைந்து நிமிரும்.
• 2 சதவீதத்துக்கு மேல்: வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு தோசைக்கல் கீழே விழுந்தால் உடைவது இதனால்தான்.

அந்தக் கால ஐரோப்பிய உலையில் இரும்பு முழுசாக உருகாது. தூய இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். கரி உலையும் துருத்தியும் வைத்து அந்தச் சூட்டைத் தொடுவது கடினம். அதனால் கிடைப்பது பஞ்சு மாதிரி ஓட்டைகளோடு ஒரு கட்டி. அதைச் சம்மட்டியால் அடித்து அடித்துக் கசடை வெளியே தள்ளுவார்கள். எவ்வளவு அடித்தாலும் கொஞ்சம் கசடு உள்ளே தங்கிவிடும். அரிசியில் கிடக்கும் கல் மாதிரி. ஓங்கி வெட்டும்போது வாள் அந்த இடத்தில்தான் முறியும்.

மூசை எஃகு வேறு ரகம். மூடிய மண் பாத்திரத்துக்குள் இரும்போடு கரிமம் தரும் பொருளைச் சேர்த்துச் சூடேற்றும்போது, கரிமம் இரும்புக்குள் போகிறது. கரிமம் ஏற ஏற உருகும் வெப்பநிலை இறங்குகிறது. இரும்பு முழுசாகத் திரவமாகிறது. கசடு பால் மேல் ஆடை மாதிரி மேலே மிதக்கிறது. கீழே ஒரே சீரான, சுத்தமான எஃகுக் கட்டி உறைகிறது.

ஐரோப்பாவில் இந்த மாதிரி எஃகை உருக்கி வார்ப்பதை 1740-களில்தான் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் தொழிலாக்கினார். அதற்கு 800 ஆண்டுகளுக்கு முந்தைய வாளில் அதே தரம் இருந்தால் கேள்வி வரத்தானே செய்யும்?

நகல் வாள் எப்படிச் செய்யப்பட்டது?

படி 1, எஃகு: மூசைக்குள் இரும்புத் துண்டுகள், கரி, மணல், கண்ணாடித் துண்டுகள். மணலும் கண்ணாடியும் உருகிக் கசடை இழுத்துக்கொள்ளும். மேலே மூடி போட்ட மாதிரி நின்று காற்றையும் தடுக்கும். உலை வெள்ளையாக ஜொலிக்கும் அளவுக்குச் சூடு போகும். மூசை நடுவில் உடைந்தால் எல்லாம் வீண்.

படி 2, ஆற விடுதல்: அவசரப்பட்டுத் தண்ணீரில் போடக்கூடாது. மெல்ல ஆறினால்தான் உள்ளே படிகங்கள் ஒழுங்காக அமையும். மூசையை உடைத்தால் உள்ளே பன் போன்ற ஒரு கட்டி.

படி 3, அடித்து நீட்டுதல்: இங்கேதான் பலர் தோற்றார்கள். இந்த எஃகை வெள்ளைச் சூட்டில் அடித்தால் உதிர்ந்துவிடும். செந்நிறச் சூட்டிலேயே, மெதுவாக, பல முறை உலையில் வைத்து வைத்து அடிக்க வேண்டும். 18, 19-ம் நூற்றாண்டு ஐரோப்பியக் கொல்லர்கள் இந்தியாவிலிருந்து போன கட்டிகளைத் தங்கள் வழக்கப்படி அதிகச் சூட்டில் அடித்து வீணாக்கியிருக்கிறார்கள்.

படி 4, எழுத்து: தட்டையாக வந்த வாளில் உளியால் பள்ளம் வெட்டி, இரும்புக் கம்பித் துண்டுகளை அதில் வைத்து, சூட்டில் அடித்துப் பதிய வைப்பது. எழுத்து கலைந்தால் திரும்ப முதலிலிருந்து.

படி 5, பதம்: வாளைச் சூடேற்றி எண்ணெயில் தோய்ப்பது. சூடு கொஞ்சம் தப்பினால் வாள் வளையும். அல்லது கீறல் விழும். அத்தனை நாள் உழைப்பும் ஒரே நொடியில் போய்விடும்.

படி 6, பிடி, குமிழ், தீட்டல்: கடைசியில் கல்லில் தீட்டி, லேசான அமிலம் தடவினால் எழுத்து மேலே தெரிகிறது.

இப்படி ஒரு நகல் வாள் அழகுக்காகச் செய்யப்படுவதில்லை. எழுதி வைக்காத ஒரு தொழில்நுட்பத்தைத் திரும்பச் செய்து பார்த்துத்தான் புரிந்துகொள்ள முடியும். டமாஸ்கஸ் வாள்களுக்கும் இதே கதைதான். அமெரிக்க உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும் கொல்லர் ஆல் பெண்ட்ரேவும் பல ஆண்டுகள் சேர்ந்து நகல் செய்துதான், அந்த வாளில் தெரியும் அலை வரிகளுக்குக் காரணம் தாதுவில் இருந்த வனேடியம் போன்ற துளியூண்டு கலப்புகள் என்று கண்டுபிடித்தார்கள்.

நம்ம ஊர் 'உருக்கு': நெல் உமி, ஆவாரங்குச்சி, எருக்கிலை

இந்த எஃகை ஆங்கிலத்தில் 'வூட்ஸ்' என்பார்கள். கன்னட, தெலுங்குச் சொல்லான 'உக்கு' மருவி வந்தது என்பது பரவலான விளக்கம். தமிழில் 'உருக்கு'. அந்தப் பெயரிலேயே உருக்கிச் செய்தது என்ற சங்கதி இருக்கிறது.

19-ம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் இருந்த ஆங்கிலேயரான ஜோசையா மார்ஷல் ஹீத், உள்ளூர்க் கொல்லர்கள் இதைச் செய்யும் விதத்தை எழுதி வைத்தார். அதன் சாரம் இது:

• களிமண்ணோடு கருக்கிய நெல் உமியை நிறையக் கலந்து மூசை செய்வார்கள். உமி சேர்ந்த மண் கடுஞ்சூட்டிலும் வெடிக்காது.
• சின்னச் சின்னதாக நறுக்கிய இரும்பை உள்ளே வைத்து, காய்ந்த ஆவாரங்குச்சிகளைச் சேர்ப்பார்கள். கரிமம் வருவது இதிலிருந்துதான்.
• மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை போன்ற இலைகளை வைத்து, வாயை மண்ணால் அடைப்பார்கள்.
• 20 முதல் 24 மூசைகளை ஒரே உலையில் அடுக்கி, சுமார் இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள்.
• ஆறியதும் மூசையை உடைத்தால், ஒவ்வொன்றிலும் கைக்குள் அடங்கும் ஒரு எஃகுக் கட்டி.

வயல்வெளியில் கிடைக்கும் உமி, வேலியோரம் பூக்கும் ஆவாரை, தரிசில் முளைக்கும் எருக்கு. கலசப்பாக்கத்தில் செய்யாற்றங்கரைப் பக்கம் நடந்தாலே கண்ணில் படும் பொருள்கள் இவை. இவற்றை வைத்து உலகத்தின் சிறந்த எஃகைச் செய்திருக்கிறார்கள்.

தடயங்கள் எங்கே கிடைத்தன?

மேல்சிறுவள்ளூர்: திருவண்ணாமலைக்குத் தெற்கே, பழைய தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த கிராமம். இங்கே உடைந்த மூசைகளும் கசடும் குவிந்து கிடப்பதை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் கண்டறிந்து, 1994-ல் கட்டுரை வெளியிட்டார். மூசைச் சில்லுகளில் நெல் உமியின் தடயம் இருந்தது. ஹீத் எழுதியதோடு இது பொருந்துகிறது. பெங்களூரு தேசிய மேம்பட்ட ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய சாரதா சீனிவாசன், 2019-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கொடுமணல்: ஈரோடு மாவட்டம், நொய்யல் ஆற்றங்கரை. 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்விலிருந்தே இரும்பு, எஃகு உலைகளின் தடயங்கள் வெளிவந்தன. இது சங்ககால ஊர்.

கோனசமுத்திரம்: இன்றைய தெலங்கானாவில் இருக்கும் ஊர். பாரசீக வியாபாரிகள் வந்து எஃகு வாங்கிப்போன இடம் என்று பயணக் குறிப்புகள் சொல்கின்றன.

சமனலவெவ, இலங்கை: இங்கே பருவக்காற்று வீசும் மேற்குச் சரிவுகளில், துருத்தியே இல்லாமல் காற்றால் எரியும் உலைகளைத் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் கண்டறிந்தார். அவற்றின் காலம் 7 முதல் 11-ம் நூற்றாண்டு. அதாவது வைக்கிங் காலத்தில் ஓடிய உலைகள். பாக்தாத்தில் 9-ம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் அல் கிந்தி, வாள் வகைகளைப் பற்றி எழுதிய நூலில் 'சரந்தீப்', அதாவது இலங்கை வாளுக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார்.

இரும்பின் பழமையைப் பொறுத்தவரை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளின்படி அது கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரி 23-ல் முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். ஆனால் இரும்பு வேறு, மூசை எஃகு வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சரி, வைக்கிங் வாள் தமிழ்நாட்டு எஃகா?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. இருப்பதை இருப்பபடி பிரித்துப் பார்க்கலாம்.

உறுதியானது: சில உல்ஃப்பெர்ட் வாள்களின் எஃகு, அன்றைய ஐரோப்பியச் சரக்கைவிடத் தரத்தில் பல மடங்கு மேல். வைக்கிங்குகளுக்கு வோல்கா வழியாக ஆசியாவோடு வியாபாரம் இருந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசை எஃகு செய்யப்பட்டது.

விவாதத்தில் இருப்பது: அந்த எஃகு கிழக்கிலிருந்து போனது என்பது ஆலன் வில்லியம்ஸின் விளக்கம். எல்லோரும் அதை ஏற்கவில்லை. ஜெர்மனியின் வேசர் ஆற்றில் 2012-ல் கிடைத்த ஒரு உல்ஃப்பெர்ட் வாளை ஹனோவர் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் லேமன் ஆய்வு செய்தார். அதில் மாங்கனீசு அதிகமாக இருந்ததால் கிழக்கத்தி எஃகு இல்லை என்றார். குமிழில் இருந்த ஈயமும் ஜெர்மனியின் டவுனஸ் மலைப் பகுதியைச் சேர்ந்தது என்று தெரிந்தது. ஆக, குறைந்தது அந்த ஒரு வாளாவது உள்ளூர்த் தயாரிப்பு.

நிரூபிக்கப்படாதது: தமிழ்நாட்டு எஃகுக் கட்டி ஒன்று வைக்கிங் வாளாக மாறியது என்பது. அன்றைய தேதியில் மூசை எஃகு செய்த இடம் தென்னிந்தியா மட்டும் இல்லை. இன்றைய துர்க்மெனிஸ்தானின் மெர்வ், உஸ்பெகிஸ்தானின் அக்சிகெத் நகரங்களிலும் அதே காலத்துப் பட்டறைகள் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. வோல்கா வழியில் போன சரக்கு என்றால், வரைபடத்தில் பக்கத்தில் இருப்பது அந்த ஊர்கள்தான்.

அதனால் 'வைக்கிங் வாளில் தமிழன் எஃகு' என்று ஃபார்வர்டு வந்தால், அப்படியே நம்ப வேண்டாம். 'வைக்கிங் வாளில் இருந்த எஃகைப் போன்ற எஃகைச் செய்யும் வித்தை தமிழ்நாட்டில் இருந்தது' என்றால், அதற்கு மண்ணுக்குள்ளிருந்தே ஆதாரம் இருக்கிறது. உண்மையே போதுமான பெருமைதான்; கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அவ்வளவு பெரிய தொழில் எப்படிக் காணாமல் போனது?

18-ம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய எஃகுக் கட்டிகள் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பப்பட்டன. 1795-ல் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வாசித்தார். மின்சார ஆராய்ச்சிக்குப் பெயர்போன மைக்கேல் ஃபாரடேகூட 1819-ல் இந்த எஃகைச் சோதித்துக் கட்டுரை எழுதினார். அவரும் ஒரு கொல்லரின் மகன்தான். லண்டன் விஞ்ஞானிகள் இதன் ரகசியம் தேடிய அதே நூற்றாண்டில், அதைச் செய்த ஊர்களில் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

காரணங்கள்:

• ஆலை எஃகு: 1856-ல் பெஸ்ஸெமர் முறை வந்ததும் எஃகு டன் கணக்கில், மலிவாக வந்தது. கைக்கட்டி எஃகு விலையில் போட்டி போட முடியவில்லை.
• கரி: ஒரு சின்ன உலைக்கே மலைபோல் கரி வேண்டும். 1882 சென்னை வனச் சட்டம் போன்ற கட்டுப்பாடுகளால் காட்டில் கரி சுடுவது கடினமானது.
• கேட்பு: அரசர்களின் படைகள் கலைந்தன. 1878 ஆயுதச் சட்டம் வந்தது. வாளுக்கு ஆர்டர் கொடுக்க ஆள் இல்லை.
• வாய்வழி வித்தை: அப்பாவிடமிருந்து மகனுக்குக் கை வழியாக வந்த தொழில். ஒரு தலைமுறை நிறுத்தினால் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேராது.

ஹீத்தின் கதையிலும் ஒரு முரண் உண்டு. பரங்கிப்பேட்டையில் அவர் தொடங்கிய பெரிய இரும்பு ஆலை நிலைக்கவில்லை. ஆனால் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-ல் அவர் எடுத்த காப்புரிமை, ஷெஃபீல்டு எஃகுத் தொழிலுக்குப் பெரிய லாபமானது. இங்கே மூசை அடைத்த கொல்லர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

மலையில் இரும்பு இன்னும் இருக்கு

திருவண்ணாமலையை ஒட்டிய கவுத்திமலை, வேடியப்பன் மலைகளில் இன்றும் இரும்புத் தாது இருக்கிறது. அதை வெட்டி எடுக்கும் திட்டம் 2000-களில் வந்தபோது, காடும் ஏரியும் விவசாயமும் போய்விடும் என்று சுற்றுவட்டார கிராம மக்கள் எதிர்த்தார்கள். அன்றைய கொல்லருக்குத் தேவைப்பட்டது கூடைக் கணக்கில் தாது. இன்றைய ஆலைக்குத் தேவை மலைக் கணக்கில். ஒரே இரும்புதான், ஆனால் இழப்பின் அளவு வேறு.

நகல் வாள் வாங்க நினைக்கிறீர்களா? இதைக் கவனிங்க

வைக்கிங் வாளின் நகல்கள் இந்தியாவிலும் தயாராகின்றன. 1943-ல் டேராடூனில் தொடங்கிய விண்ட்லாஸ் ஸ்டீல்கிராஃப்ட்ஸ் நிறுவனம் பல நாட்டு வரலாற்று வாள்களின் நகல்களைச் செய்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறது. ஆன்லைனில் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை:

• துருப்பிடிக்காத ஸ்டீலில் செய்த நீள வாள் சுவரில் மாட்டத்தான். வீசினால் முறிந்து பறக்கலாம்.
• பிடிக்குள் போகும் வாளின் வால் பகுதி அகலமாக, ஒரே துண்டாக இருக்க வேண்டும். மெல்லிய கம்பியை ஒட்டவைத்திருந்தால் ஆபத்து.
• 'டமாஸ்கஸ்' என்று விற்பதில் பெரும்பாலானவை இரண்டு வகை எஃகை மடித்து அடித்தவை. பழைய மூசை எஃகு இல்லை.
• எடையைக் கேளுங்கள். ஒரு கைக்கான வைக்கிங் வாள் 2 கிலோ, 3 கிலோ என்றால் அசலோடு சம்பந்தமே இல்லாத நகல் அது.

சட்டம் என்ன சொல்லுது? 2016 ஆயுத விதிகளின் பட்டியலில் கூர்மையான வாள் இடம்பெறுகிறது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளும் அதில் வரும். வீட்டு வேலை, விவசாய வேலைக்கான கருவிகளுக்கு விலக்கு உண்டு. 1959 ஆயுதச் சட்டத்தின் 4-வது பிரிவின்படி, அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் இவற்றை வைத்திருக்க உரிமம் வேண்டும். அலங்காரத்துக்கு என்றால் கூர் போடாத வாளை வாங்குவதே நல்லது. வாங்கும் முன் உள்ளூர் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். தெருவில் தூக்கிக்கொண்டு போவதோ, கேக் வெட்டி வீடியோ போடுவதோ வேண்டவே வேண்டாம். இந்த மாதிரி வீடியோக்களால் வழக்கில் சிக்கிய இளைஞர்கள் தமிழ்நாட்டில் பலர்.

கடைசியாக ஒரு விஷயம்

திருப்பாச்சேத்தி அரிவாள் இன்றும் பேர் சொல்கிறது. லாரி ஸ்பிரிங் பட்டையை வாங்கி அடித்து, பதம் பார்த்து, கூர் வைக்கும் கொல்லர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆக, அடிக்கும் கை போகவில்லை. போனது, மண் மூசையில் எஃகை உருவாக்கும் அறிவு. லாரி பட்டை ஆலையிலிருந்து வருகிறது. உருக்கு அன்று ஊரிலேயே பிறந்தது.

அந்த அறிவைத் தேடித்தான் விஸ்கான்சினில் ஒருவர் உலை மூட்டினார். மேல்சிறுவள்ளூரில் கிடைத்த மூசைச் சில்லும் அதே அறிவின் மிச்சம்தான். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட பழைய உலைக்களங்கள் பெரும்பாலும் வேலியோ பலகையோ இல்லாத தரிசு நிலங்கள். ஏர் ஓட்டும்போதோ வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ, கறுப்பாக, கனமாக, கண்ணாடி மாதிரி பளபளக்கும் கசடுக் கட்டிகளும், உள்ளே உமித் தடம் தெரியும் சுட்ட மண் துண்டுகளும் கிடைத்தால், தூக்கிப் போட்டுவிட வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, படம் எடுத்துக் கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லலாம். நகல் வாள் செய்பவருக்குக் கிடைக்காத அசல் குறிப்பு, அந்தச் சில்லில் இருக்கக்கூடும்.